கோட்டை மான்களிடம் பழகிவிட்டுப் பின்னவல போங்கள்

முதல் தடவை திருகோணமலையிலிருந்து, கேகாலைப் பக்கம் பின்னவலவில் இருக்கும் திறந்தவெளி மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது நாங்கள் பதினொரு பேர். ஒரு வான், ஒரு வாளி புளிச்சாதம், கைக்குழந்தை ஒன்று. வாசலில் ரிக்கெற் எடுக்கும்போது நேரம் பதினொன்றரை. சிறுத்தை இருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றோம். புல் தெரிந்தது, மரம் தெரிந்தது, பாறை தெரிந்தது. சிறுத்தையை மட்டும் காணவில்லை. "மரம் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? மரம் கன்னியாவிலயும் நிக்குதே" என்றார் மாமி.

பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கியதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். அப்போது எங்களுக்குப் பின்னால் வந்த பாடசாலைப் பிள்ளை ஒன்று மேலே கையைக் காட்டியது. கிளையிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடமும் நாங்கள் அந்த வாலுக்குக் கீழேதான் தேடியிருக்கிறோம்.

பிழை எங்களுடையது. போன நேரம் சரியில்லை, கண்ணும் பழகியிருக்கவில்லை. கூட்டுக்குள் நிற்கும் மிருகத்தைப் பார்க்கப் பயிற்சி தேவையில்லை, அது ஒளியவும் முடியாது. காடு போலக் கட்டிய இடத்தில் மிருகம் தன் இஷ்டத்துக்குத்தான் இருக்கும். பிறகு மூன்று தடவை போய்வந்தேன். இப்போது எங்கள் ஒழுங்கையில் யாராவது பின்னவல என்று வாயைத் திறந்தால் பிடித்து இருத்திவைத்து நான் சொல்வது இதைத்தான்.

முதலில் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

திருகோணமலையில் மிருகக்காட்சிசாலை கிடையாது. எங்கே போவதென்றாலும் பயணம்தான். எல்லாரும் முதலில் நினைப்பது தெகிவளை. 1936இலிருந்து அரசின் பொறுப்பில் இருக்கும் பழைய இடம். வெளிநாட்டு மிருகங்கள் நிறைய. கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போய்வர வசதி. ஆனால் நகரத்துக்கு நடுவே நெருக்கமாக அமைந்த இடம், பழைய முறைக் கூடுகளும் உண்டு. ஒரே நாளில் நிறைய மிருகங்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் தெகிவளை போங்கள்.

பின்னவல திறந்தவெளி மிருகக்காட்சிசாலை 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 44 ஏக்கர். இலங்கையில் இந்த வகையில் முதலாவது. உள்நாட்டு மிருகங்களுக்கு முதலிடம் கொடுப்பது என்ற எண்ணத்தோடு தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பதும் இதுதான், ஆகவே கீழே சொல்லப்போவதெல்லாம் இதை மனதில் வைத்தே.

மூன்றாவது, 2016இல் திறந்த ரிதியகம சஃபாரி பூங்கா. அம்பலாந்தோட்டைப் பக்கம், ஏறக்குறைய 500 ஏக்கர். அங்கே மிருகங்கள் வெளியில் திரியும், நாம்தான் பஸ் என்ற கூட்டுக்குள் இருப்போம். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் நாட்டின் மற்ற மூலையில் இருக்கிறது. கதிர்காமத்துக்குப் போகிறவர்கள் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவத்துக்கோ கல்யாணச் சாமான் வாங்கவோ சென்னை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டலூரை விட்டுவிடாதீர்கள். 602 ஹெக்டெயர், 1985இல் நகரத்துக்குள்ளிருந்து அங்கே மாற்றியது. செவ்வாய்க்கிழமை பூட்டு. அது தெரியாமல் செவ்வாயில் போய் வாசலில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும்.

கோட்டையில் ஒரு பின்னேரம்

பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரெட்ரிக் கோட்டைக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது தினமும் பார்க்கிற மான்கள்தானே என்று நினைப்பீர்கள். பார்க்கிறோம் என்பது உண்மைதான், கவனிக்கிறோமா? என் மகளிடம் "ஆண் மான் எது?" என்று கேட்டபோது "பெரிசு" என்றாள். கொம்பு என்று சொல்லத் தோன்றவில்லை.

ஒரு மானைத் தெரிவுசெய்து இருபது நிமிடம் அதை மட்டும் பாருங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் காது திரும்புவது தெரியும். இரண்டு காதும் ஒரே திசையில் திரும்புவதில்லை, ஒன்று உங்களையும் மற்றது பின்னால் வரும் ஓட்டோவையும் கேட்டுக்கொண்டிருக்கும். படுத்திருக்கும் மானின் தாடை அசையும். மேய்ந்ததை அசைபோடுகிறது. ஆண் மான்களின் கொம்பைப் பாருங்கள். சிலதில் வழவழவென்று எலும்பாக இருக்கும், சிலதில் வெல்வெட் துணி சுற்றியது போல மெத்தென்று இருக்கும். புள்ளிமானின் கொம்பு விழுந்து விழுந்து புதிதாக முளைப்பது. அந்த வெல்வெட் தோலுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், வளர்ந்து முடிந்ததும் மரத்தில் தேய்த்து உரித்துவிடும். ஏதாவது மிரண்டால் வால் மேலே எழும்பி வெள்ளை தெரியும். ஒன்றின் வால் எழும்பினால் மற்றதெல்லாம் தலையைத் தூக்கும்.

இந்த நாலைந்தையும் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் பின்னவலவில் உங்களுக்கு வேலை குறைவு.

கோட்டை மான்களிடம் கற்க இன்னொன்றும் உண்டு, அது சந்தோஷமானதல்ல. இவை கடற்கரைக்கும் பஸ் நிலையத்துக்கும் வந்து சொப்பிங் பையைச் சாப்பாட்டு வாசத்தோடு சேர்த்து மெல்லுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வயிற்றுக்குள் போன பொலித்தீன் அசைபோட மேலே வராது, கீழேயும் போகாது. பிள்ளை இதை ஊரிலேயே பார்த்து விளங்கிக்கொண்டால், மிருகக்காட்சிசாலையில் "சாப்பாடு போடாதே" என்று நீங்கள் கத்த வேண்டி வராது.

எந்த மாதம், எந்தக் கிழமை

எங்கள் மழைக்காலத்தை வைத்து அங்கத்தைய மழையைக் கணக்குப் போடாதீர்கள். இங்கே கச்சான் காற்று அடித்து மண் காயும் யூன், யூலையில் கேகாலைப் பக்கம் தென்மேல் பருவ மழை பெய்துகொண்டிருக்கும். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலோடு ஊற்றும். எனக்குப் பிடித்தது பெப்ரவரி, மார்ச். வெயில் உண்டு, மழை குறைவு.

பாடசாலை விடுமுறை ஓகஸ்டில் வருகிறது என்பதால் பலரும் அப்போதுதான் போவார்கள். போகலாம், ஆனால் கண்டிப் பெரஹர நாட்களை விலக்கிக்கொள்ளுங்கள். வீதியும் தங்கும் இடங்களும் நிறைந்துவிடும். போயா, சனி, ஞாயிறு மூன்றிலும் சனம் நெரியும். ஒரு செவ்வாய் அல்லது புதன், பிள்ளைக்கு ஒரு நாள் பாடசாலை தவறினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. ஆசிரியை கேட்டால் விலங்கியல் பாடம் என்று சொல்லுங்கள், பொய் இல்லை.

போகும் வழி

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏ6 வீதியைப் பிடித்துப் போய், குருநாகல் தாண்டிப் பொல்காவலை வழியாக ரம்புக்கனைப் பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 200 கிலோமீற்றர் அளவில் வரும். வானில் நாலரை, ஐந்து மணித்தியாலம். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நின்றால் அதற்கும் மேலே.

கணக்கைப் பாருங்கள். காலை எட்டரைக்குப் பின்னவல வாசலில் நிற்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு இங்கே வெளிக்கிட வேண்டும். பிள்ளைகள் வழியெல்லாம் தூங்கிவிட்டு, போய் இறங்கியதும் சத்தி எடுக்கும். என் யோசனை: முதல் நாள் மத்தியானமே வெளிக்கிட்டுக் குருநாகலில் இரவு தங்குங்கள். யானை படுத்திருப்பது போன்ற பெரிய பாறை ஒன்று நகரத்துக்கு மேலே நிற்கும், பின்னேர வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு முன்னோட்டம். காலையில் அங்கிருந்து பின்னவல கிட்டத்தான்.

பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்பு பஸ்ஸில் ஏறிக் குருநாகலில் இறங்கலாம். அங்கிருந்து கேகாலை அல்லது ரம்புக்கனை பஸ். கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவே ஓடும் பஸ் பின்னவல வழியாகவே போகும். இரவு ரயிலும் உண்டு. ஆனால் பொல்காவலையில் சாமத்தில் இறக்கிவிடும், விடியும்வரை நுளம்புக்கடியோடு நிலையத்தில் இருந்து, பிறகு மலையகப் பாதை ரயிலில் ரம்புக்கனை போய், அங்கிருந்து ஓட்டோ பிடிக்க வேண்டும். இளம் பெடியன்களுக்குச் சரி. கைக்குழந்தையோடு வேண்டாம்.

பையில் என்ன

தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. தொப்பி. குடையைவிட மழைக்கோட்டு நல்லது, குடை பின்னால் நிற்பவரின் கண்ணை மறைக்கும், காற்றில் விரிந்து மிருகத்தையும் மிரட்டும். ஏறி இறங்க வேண்டிய இடம் என்பதால் குதி வைத்த செருப்பு வேண்டாம். சப்பாத்து அல்லது பின்வார் உள்ள செருப்பு. மூட்டு வருத்தம் உள்ள பெரியவர்கள் வந்தால் அவர்களுக்கு ஏற்ற வேகத்தில்தான் நடை.

சாப்பாட்டைச் சொப்பிங் பையிலோ பார்சலிலோ கொண்டுபோகாமல் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். காட்சிக்கு இல்லாத குரங்குகளும் இந்த மாதிரி இடங்களில் திரியும், அவற்றுக்குப் பொலித்தீன் சரசரக்கும் சத்தம் சாப்பாட்டு மணி மாதிரி. எங்கள் புளிச்சாதம் தப்பியது வாளிக்கு இறுக்கமான மூடி இருந்ததால்தான்.

பைனாகுலர் இருந்தால் கட்டாயம். இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். திறந்தவெளியில் மிருகத்துக்கும் உங்களுக்கும் நடுவே அகழி இருக்கும், அந்தத் தூரத்தில் சிறுத்தையின் மீசையைப் பார்ப்பதற்கும் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்ப்பதற்கும் இடையிலான வித்தியாசம் அந்தக் கண்ணாடிதான்.

தேசிய அடையாள அட்டை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பலமடங்கு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் அண்ணன், மச்சாள்மார் தமிழ் கதைத்தால் போதும் என்று நினைத்து வரிசையில் நிற்பார்கள். பார்ப்பது கடவுச்சீட்டை. இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் முகம் சுருங்காது. யானைகள் சரணாலயத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் ரிக்கெற் வேறுவேறு என்பதும் பலருக்குத் தெரியாத விஷயம்.

வேலி எங்கே என்று தேடுங்கள்

உள்ளே போனதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கம்பி இல்லையே, பாய்ந்து வராதா?" பதில் தெரிந்து வைத்திருங்கள்.

கம்பிக்குப் பதிலாக அகழி. கோட்டை கட்டியவர்கள் மனிதரைத் தடுக்கப் பயன்படுத்திய அதே யுக்தி. சில இடத்தில் தண்ணீர் நிற்கும், சில இடத்தில் வெறும் பள்ளம். பார்ப்பவர் பக்கச் சுவர் செங்குத்தாக இருக்கும், மிருகத்தின் பக்கம் சரிவாக இருக்கும், ஆகவே உங்கள் கண்ணுக்குப் பள்ளம் தெரியாமல் புல்வெளி தொடர்ந்து போவது போலத் தோன்றும். ஏறக்கூடிய மிருகம் இருக்கும் இடத்தில் மரங்களில் மெல்லிய மின்சாரக் கம்பி சுற்றுவதும் உண்டு. கந்தளாய்ப் பக்கம் யானை வேலி என்கிறோமே, அதே வேலை. கொல்லாது, ஒருமுறை சுரீரென்று பட்டால் மறுமுறை கிட்டப் போகாது. பாறை மாதிரித் தெரிவது பல இடங்களில் சீமெந்து. இவற்றைக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாக்கிவிடுங்கள். என் மருமகன் சிறுத்தையைவிட அகழியில்தான் அதிக நேரம் செலவழித்தான், இப்போது பொறியியல் படிக்கப்போகிறேன் என்று சொல்லித் திரிகிறான்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் ஜேர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக். எந்த மிருகம் எவ்வளவு பாயும் என்று அளந்து, அதற்கேற்ற அகழி வெட்டி, 1907இல் கம்பியில்லாத மிருகக்காட்சிசாலையைத் திறந்தார். நமக்கும் அவருக்கும் ஒரு கொடி ஓடுகிறது. அவருடைய தகப்பனுக்கு இன்னொரு தாரத்தில் பிறந்த ஜோன் ஹாகன்பெக் இலங்கையில் இருந்து மிருக வியாபாரம் செய்தவர். அவர் தெகிவளையில் சேர்த்துவைத்திருந்த மிருகங்கள்தான், கம்பனி நொடித்த பிறகு 1936இல் அரசின் கைக்கு வந்தன. அண்ணன் அங்கே கம்பியை எடுக்க, தம்பியின் தோட்டம் இங்கே கூடுகளோடு வளர்ந்தது. அந்த அண்ணனும் வெறும் நல்லவர் இல்லை. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர். வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல் வாசியுங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். வாசலில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து நாலு மிருகங்களைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். மற்றதெல்லாம் நடந்துபோகும்போது தெரிந்தால் லாபம்.

ஓரிடத்துக்கு வந்ததும் நடுவைப் பார்க்காதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் புல்வெளியின் நடுவையே பார்ப்பார்கள். நீங்கள் மிருகமாக இருந்தால் பதினொரு மணி வெயிலில் அங்கே நிற்பீர்களா? முதலில் நிழல். பிறகு தண்ணீர். பிறகு உயரம்: கிளை, பாறை உச்சி. பிறகு பின்சுவரில் இருக்கும் கதவு. கதவு ஏன் என்றால், அதற்குப் பின்னால்தான் மிருகம் இரவில் தங்கும் அறையும் சாப்பாடும் இருக்கும். மூடும் நேரம் நெருங்க நெருங்க அது அந்தக் கதவைச் சுற்றியே திரியும். பின்னேரம் சிறுத்தை உலாவுவதைக் கண்டு "வேட்டைக்குப் புறப்படுகிறது" என்று ஒருவர் பிள்ளைக்கு விளக்கினார். அது இராச்சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

முழு மிருகத்தைத் தேடாதீர்கள். வால், காது, வயிற்றின் வெள்ளை, கண். சிறுத்தையின் உடலில் இருக்கும் வளையப் புள்ளிகள் இலைகளுக்கூடாக விழும் வெயில் துண்டுகளோடு கலந்துவிடும். கிளையில் படுத்தால் உடல் மறையும், வால் மட்டும் மறைக்க முடியாமல் தொங்கும். வாலைத் தேடுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைக் காட்டில் இன்று வரிப்புலி இல்லை, ஊரில் நாம் புலி என்று சொல்வது இந்தச் சிறுத்தையைத்தான். அதன் இலங்கை இனத்துக்கு விலங்கியலாளர் தெரணியகல 1956இல் வைத்த அறிவியல் பெயரின் கடைசிச் சொல் "கொட்டியா". புலிக்கான சிங்களச் சொல். என் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லைச் சனத்துக்கு நடுவே காதில் கேட்டாலே முதுகு நிமிரும். முதல் தடவை அங்கே ஒரு குழந்தை துள்ளித் துள்ளி "கொட்டியா! கொட்டியா!" என்று கத்தியபோது நான் திரும்பிப் பார்த்தேன். அது கிளையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கரடியிடம் வந்தால் வாயைப் பாருங்கள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இருக்காது. அந்த இடைவெளியால் கறையான் புற்றிலிருந்து உறிஞ்சும், மூக்கை மூடிக்கொண்டு தூசைத் தவிர்க்கும். உறிஞ்சும் சத்தம் தூரத்துக்குக் கேட்கும், ஆகவே கரடி முன்னால் நிற்கும்போது பேச்சை நிறுத்துங்கள். கரடியைப் பார்த்துக் குலைநடுங்க ஒன்றுமில்லை, ஆனால் காட்டில் சிறுத்தையைவிட இதற்குத்தான் எங்கள் பெரியவர்கள் பயந்தார்கள், நியாயமாகவே.

முதலை வாயைத் திறந்தபடி கிடந்தால் பசி என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். வாயைத் திறந்து உடல் சூட்டைத் தணிக்கிறது. அசையவே இல்லை, சீமெந்துப் பொம்மை என்று சத்தியம் செய்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். கல் எறிந்து பரிசோதிக்க விடாதீர்கள். கண்ணுக்கு மேல் ஒரு மெல்லிய சவ்வு வந்து போகும்வரை பொறுத்தால் பந்தயத்தில் வெல்லலாம்.

மானும் மந்தியும் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காட்டில் மந்தி மேலிருந்து இலையும் பழமும் உதிர்க்கும், மான் கீழே பொறுக்கும். மேலே இருக்கும் மந்தி தூரத்தில் வரும் சிறுத்தையைக் கண்டு கத்தும், கீழே இருக்கும் மானுக்கு அது எச்சரிக்கை. கோட்டையில் பழகிய பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை வரும்: "அப்பா, எங்கட மான்!"

சில நேரம் ஒரு மிருகம் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பதையோ, தலையை ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டே இருப்பதையோ காணலாம். நடனம் என்று சிலர் கைதட்டுவார்கள். அது அலுப்பாலும் அடைபட்டதாலும் வரும் பழக்கம், எந்த மிருகக்காட்சிசாலையிலும் இருக்கக்கூடியது. இடத்தைக் காடு மாதிரி அமைப்பதும், சாப்பாட்டை மரக்குற்றிக்குள் ஒளித்துத் தேடவைப்பதும் இதைக் குறைப்பதற்குத்தான். பிள்ளை கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். காட்டில் இருக்க வேண்டியதை இங்கே வைத்திருக்கிறோம் என்ற கேள்வி எழத்தான் வேண்டும். எனக்கும் இன்னும் முழுப் பதில் இல்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லையா? பராமரிப்பாளர் யாராவது தென்பட்டால் கேளுங்கள். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் "கோ?" என்று மிருகத்தின் பெயரோடு கேட்டால் போதும், கையால் காட்டுவார். அவர்களுக்கு ஒவ்வொன்றும் எந்த நேரம் எங்கே படுக்கும் என்று தெரியும்.

செய்யக்கூடாதவை சுருக்கமாக: சாப்பாடு, கல், விசில், கண்ணாடியில் தட்டுவது, குரங்கு மாதிரிக் கத்துவது. எல்லாவற்றையும்விட முக்கியம், படம் எடுப்பதற்காகக் குழந்தையை மதிலில் ஏற்றி இருத்துவது. மதிலுக்கு அந்தப் பக்கம் அகழி என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

யானைகள் சரணாலயம் வேண்டுமா?

கிட்டத்தில்தான் இருக்கிறது. 1975இல் தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம். காலை பத்து மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் கூட்டமாக மகா ஓயாவுக்குக் குளிக்க நடத்திக்கொண்டு வருவார்கள். 2021 ஓகஸ்டில் இங்கே சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி போட்டது, நாடே பார்த்தது. கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த சாமாவை இங்கேதான் வளர்த்தார்கள். அந்தக் கதையைக் கேட்டபோது எங்கள் மாமி, மரம் பார்க்கவோ வந்தனாங்கள் என்று கேட்ட அதே மாமி, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தம்பிக்கும் ஒரு கால்தான்.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் எட்டரைக்கு மிருகக்காட்சிசாலை, பத்தரை, பதினொன்றுக்கு ஆற்றங்கரை என்று வையுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் சிறுத்தை தூங்கப் போகும், யானை தண்ணீரில் இருக்கும். இரண்டு மணிக் குளிப்பை ஊர் திரும்பாதவர்களுக்கு விட்டுவிடுங்கள். குட்டிக்குப் போத்தல் பால் கொடுத்துப் படம் எடுக்கும் வரிசையில் நான் நிற்பதில்லை. உங்கள் பிள்ளை அழுது கேட்டால் அது உங்கள் பாடு.

திரும்பும் வழி

பகல் ஒரு மணிக்குள் வெளிக்கிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே, அலுத்ஓயா, ஹதரஸ்கொட்டுவப் பக்கம் காட்டுக்கூடாகப் போகும் வீதியைப் பொழுதுபடுவதற்குள் கடந்துவிட வேண்டும். அங்கே யானைகள் வீதிக்கு ஏறும். ரயில் பாதையிலும் அதே கதை. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன.

யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே வாகனத்தை நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், பின்னால் எடுக்க இடம் இருப்பதைப் பார்த்து வையுங்கள். அது தானாகக் காட்டுக்குள் இறங்கும்வரை பொறுமை. வாகனங்களை மறித்து நிற்கும் யானைகள் அப்படிப் பழகியது, யன்னலால் பழம் நீட்டியவர்களிடம்.

கடைசியாக நாங்கள் வந்தபோது ஐந்து மணி இருக்கும், தனி ஆண் யானை ஒன்று வீதியோரம் நின்றது. வானுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு காது எங்கள் பக்கம், மற்றது காட்டுப் பக்கம். மாமியின் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மகள் மெல்ல எட்டி அதை எடுத்து, தன் காலுக்குக் கீழே வைத்து, சேலைத் துண்டால் மூடினாள்.